கிருமி வளரவில்லை என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமா?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் அன்ரி ஒருவர், சென்ற மாதம் ஒரு மருத்துவ அறிக்கையோடு வந்தார். நான் ஆய்வுகூடமொன்றின் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை செய்பவள் என்பதால், அக்கம்பக்கத்து அறிக்கைகள் எல்லாம் ஒருமுறையாவது என் கைக்கு வந்துவிடும்.

"கமரா விட்டுப் பார்த்து வயிற்றுக்குள் இருந்து சதை எடுத்தார்கள் பிள்ளை. கிருமி வளரவில்லை என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் இல்லைத்தானே?"

அவருடைய முகத்தில் அத்தனை நிம்மதி. எனக்கோ உடனே ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியாக என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டேன். கமரா விடுவதற்கு முதல்நாள் இரவுவரை, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் மாத்திரை போட்டிருந்தார். அதை நிறுத்தும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லையாம்.

வளரவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் நிம்மதியாக வீட்டுக்குப் போய், மாதக்கணக்கில் வயிற்றெரிவோடு இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இரைப்பைக் கிருமியை ஆய்வுகூடத்தில் எப்படி வளர்க்கிறோம் என்பதை அடியிலிருந்து எழுதுகிறேன்.

எல்லாம் காஸ்ட்ரைட்டிஸ் ஆகுமா?

கொழும்பில் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டு வெறும் தேநீரோடு வேலைக்குப் போனவருக்கு எரிந்தாலும் காஸ்ட்ரைட்டிஸ், கொத்து ரொட்டி சாப்பிட்ட இரவு புளித்த ஏப்பம் வந்தாலும் காஸ்ட்ரைட்டிஸ். மருத்துவத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: இரைப்பையின் உட்சுவரில் ஏற்படும் அழற்சி. அந்த அழற்சிக்குக் காரணங்கள் பல. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் விழுங்கும் அஸ்பிரின், டைக்குளோபெனாக் போன்ற வலிநிவாரணிகள் ஒரு காரணம். இன்னொன்று ஒரு பற்றீரியா. அதன் பெயர் ஹெலிகோபக்டர் பைலோரி.

பெயரிலேயே அதன் வடிவமும் இடமும் இருக்கின்றன. 'ஹெலிகோ' என்றால் சுருள். 'பைலோரி' என்பது இரைப்பையின் கீழ்வாயிலைக் குறிப்பது. கிரேக்க மொழியில் வாயிற்காவலன் என்று பொருள். வாயிலருகே குடியிருக்கும் சுருள் கிருமி என்று வைத்துக்கொள்ளலாம். உலக மக்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் இரைப்பையில் இது இருக்கும் என்று நெடுங்காலமாகக் கணிக்கப்பட்டு வந்திருக்கிறது. பெரும்பாலானோருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. சிலருக்குப் புண் வரும். மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய்வரை போகும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1994-இல் இதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் வரிசையில் சேர்த்தது.

தயிர்ச் சட்டியிலிருந்து தொடங்குவோம்

கிருமி வளர்ப்பு என்றதும் பலர் ஏதோ மர்மமான வேலை என்று நினைக்கிறார்கள். தயிர் உறைய வைக்கத் தெரிந்த எவருக்கும் இதன் பாதி தெரியும். காய்ச்சிய பாலை இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறைமோர் விட்டு, அசைக்காமல் மூடி வைக்கிறோம். உறைமோரில் இருக்கும் பற்றீரியாக்கள் பாலைத் தின்று பெருகுகின்றன. காலையில் தயிர்.

பால் கொதிக்கக் கொதிக்க உறைமோரை விட்டுவிட்டால் என்ன ஆகும்? உறையாது. அதற்காக உறைமோரில் பற்றீரியாவே இருக்கவில்லை என்று சொல்வோமா? சூட்டில் செத்துப்போனது என்போம். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாலும் உறையாது. அப்போது உயிரோடுதான் இருக்கும், பெருகாது. ஆய்வுகூட வளர்ப்பிலும் இதே கதைதான். கிருமிக்கு வேண்டிய உணவு, சூடு, காற்று, நேரம் எல்லாம் சரியாக அமைந்தால் மட்டுமே அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகும்.

ஒரு தனிப் பற்றீரியாக் கலத்தை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. அது இரண்டாகி, நான்காகி, இலட்சக்கணக்கில் ஓரிடத்தில் குவிந்தால் ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தக் குவியலைக் கொலனி என்கிறோம். அது வளர்வதற்காக நாம் சமைத்து வைக்கும் உணவு வளர்ப்பூடகம். அதை ஊற்றி வைக்கும் கிண்ணத்தைத் தட்டு என்போம்.

சுருக்கம்: வளர்ப்பு என்பது கிருமிக்கு வசதி செய்துகொடுத்து, அது பெருகிக் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருப்பது. வசதியில் குறை வந்தால் உயிருள்ள கிருமியும் தெரியாமல் போகும்.

அமிலத்துக்குள் வாழும், அமிலத்தை விரும்பாத கிருமி

இரைப்பை அமிலம் கடுமையானது. பெரும்பாலான கிருமிகள் அதில் தாக்குப்பிடிப்பதில்லை. அப்படியானால் பைலோரி அமிலத்தில் கொழிக்கும் ஒரு பிறவியாக இருக்க வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். படித்தவர்கள்கூட அமிலமான ஊடகத்தில்தானே வளர்ப்பீர்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஏறத்தாழ நடுநிலையான ஊடகத்தில்தான் வளர்க்கிறோம்.

அடைமழையில் குடைபிடித்துப் போகிறவர் மழையில் நனைய விரும்பியா போகிறார்? இந்தக் கிருமியின் குடை ஒரு நொதியம். நொதியம் என்பது உயிர்க்கலத்துக்குள் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். இதனிடம் இருப்பது யூரியேசு. நமது உடலில் இயல்பாகவே இருக்கும் யூரியாவை அது அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் உடைக்கிறது. அமோனியா அமிலத்தை நடுநிலையாக்கும். இப்படித் தன்னைச் சுற்றி ஒரு பாதுகாப்பான வட்டத்தை உண்டாக்கிக்கொண்டு, வாலைப் போன்ற கசையிழைகளால் நீந்தி, இரைப்பைச் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்துக்குள் கிருமி புகுந்துவிடும். அந்தப் படலத்தின் அடியில், கலங்களை ஒட்டிய இடத்தில், அமிலத்தின் கடுமை மிகக் குறைவு. அதுதான் அதன் வீடு.

அந்த வீட்டில் ஒட்சிசனும் குறைவு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம் இருக்கிறது. அவ்வளவு ஒட்சிசன் இதற்கு நஞ்சு. முற்றாக இல்லாவிட்டாலும் வளராது. நீர்கொழும்புக் களப்பில் வளரும் இறால் குஞ்சுகளை நினைத்துப் பாருங்கள்: கடலின் முழு உப்பும் வேண்டாம், ஆற்றின் நன்னீரும் வேண்டாம், இரண்டும் கலந்த களப்பு நீர்தான் வேண்டும். பைலோரிக்கும் காற்று விடயத்தில் ஒரு களப்பு வேண்டும். ஏறக்குறைய 5 சதவீதம் ஒட்சிசன், 10 சதவீதம் காபனீரொட்சைட்டு, மிகுதி நைதரசன். இத்தகைய உயிர்களை நுண்காற்றுயிர்கள் என்பார்கள்.

இரைப்பையிலிருந்து தட்டுவரை

மருத்துவர் கமராக் குழாயின் வழியாக மெல்லிய இடுக்கியை அனுப்பி இரைப்பைச் சுவரில் கிள்ளி எடுக்கும் துண்டு, 2 முதல் 3 மில்லிமீற்றர் இருக்கும். அரிசிக் குறுணி அளவு. கிருமி இரைப்பை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை; திட்டுத் திட்டாக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் கிள்ளினால் கிருமியில்லாத திட்டு கையில் வரலாம். அதனால் கீழ்ப்பகுதியிலும் நடுப்பகுதியிலுமாக ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகள் எடுப்பதே நல்லது.

அடுத்து வருவது எனக்கு மிகவும் வலிக்கும் இடம். இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பும் துண்டை போமலின் திரவத்தில் போடுவார்கள். அது இழையத்தை அழுகாமல் காக்கும். எல்லாக் கிருமிகளையும் கொல்லும். வளர்ப்புக்கு வரவேண்டிய துண்டும் அதே போமலினில் மிதந்து வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிறிய போத்தலின் மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் அந்த நெடி வந்துவிடும். அதற்குப் பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. நோயாளி மீண்டும் ஒருமுறை குழாயை விழுங்க வேண்டியதுதான்.

சரியான முறையில், துண்டு சில துளி உப்புநீரில் நனைந்தபடியோ வழியில் கிருமியை உயிரோடு வைத்திருக்கும் கூழ் போன்ற கடத்தூடகத்திலோ குளிராக வரவேண்டும். உப்புநீரில் வந்தால் சில மணிநேரத்துக்குள் தட்டில் போட வேண்டும். கடத்தூடகத்தில் குளிராக வந்தால் ஒரு நாள்வரை பொறுக்கும். காய்ந்தால் போயிற்று. வெயில் ஏறிய நண்பகலில் காலி வீதி நெரிசலில் முச்சக்கரவண்டி நிற்கும்போது, ஐஸ் பெட்டி இல்லாமல் வரும் மாதிரியின் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

சுருக்கம்: தட்டுக்கு வருவதற்கு முன்பே கிருமி நான்கு வழிகளில் தப்பிவிடலாம். கிள்ளிய இடத்தில் இல்லாமல் போகலாம், போமலினில் சாகலாம், காயலாம், தாமதத்தில் மடியலாம்.

இரத்தம், களையெடுப்பு, காற்றுச் சாடி

வளர்ப்பூடகத்தின் அடிப்படை ஏகர். கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள். கடற்பாசி இனிப்பு சாப்பிட்டவர்களுக்கு அதன் பதம் தெரியும். அதில் சத்துகளைக் கலந்து, செம்மறி ஆட்டின் அல்லது குதிரையின் இரத்தத்தை 5 முதல் 10 சதவீதம்வரை சேர்த்து, மூடியுள்ள தட்டையான கிண்ணத்தில் உறைய விடுகிறோம். செர்ரிச் சிவப்பில் தட்டு தயாராகும். இரத்தம் ஊட்டம் கொடுப்பதோடு, வளர்ச்சியைத் தடுக்கும் சில நச்சுப் பொருள்களையும் உறிஞ்சிக்கொள்ளும்.

இரைப்பைத் துண்டோடு வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வந்த வேறு பற்றீரியாக்களும் பூஞ்சைகளும் ஒட்டிக்கொண்டு வரும். அவை வேகமாக வளர்பவை. கீரைப் பாத்தியைப் புல் மூடுவதுபோல ஒரே இரவில் தட்டை மூடிவிடும். இதற்காக ஊடகத்தில் முன்கூட்டியே களையெடுக்கிறோம்: பைலோரியைப் பாதிக்காத, மற்றவற்றைத் தடுக்கும் வன்கோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளையும், பூஞ்சைக்கு எதிரான அம்போடெரிசினையும் கலக்கிறோம். இப்படித் தெரிந்தெடுத்து வளரவிடும் ஊடகம் தேர்வூடகம். களைக்கொல்லி சில வேளைகளில் பயிரையும் வாட்டும் என்பதால், களைக்கொல்லி இல்லாத தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைப்பது வழக்கம்.

பிறகு காற்று. தட்டுகளை இறுக மூடும் சாடிக்குள் அடுக்கி, வாயுப் பொதி ஒன்றைப் போட்டு மூடுகிறோம். அந்தப் பொதி ஒட்சிசனை உறிஞ்சிக் காபனீரொட்சைட்டை வெளியிட்டு, நாம் சொன்ன களப்பை உண்டாக்கும். சாடிக்குள் மெழுகுதிரி ஏற்றி வைத்தால் போதாதா என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். வேறு சில கிருமிகளுக்கு அது போதும். ஆனால் சுடர் அணையும்போது ஒட்சிசனில் பெரும்பங்கு உள்ளேயே மிச்சமிருக்கும். காபனீரொட்சைட்டு கூடும், ஒட்சிசன் தேவையான அளவுக்கு இறங்காது.

சூடு 37 பாகை செல்சியஸ், நமது உடலின் சூடு. ஈரப்பதம் குறையக்கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்தபோது, வளர்ப்புப் பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே நின்ற இரவுகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

ஏன் இத்தனை நாள்?

வயிற்றோட்டத்தில் கேள்விப்படும் ஈகோலை என்ற பற்றீரியா நல்ல வசதி இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று பத்து இலட்சமாக 20 இரட்டிப்புகள் போதும். அதாவது ஏழு மணிநேரத்துக்கும் குறைவு. இன்று மாலை போட்டால் நாளைக் காலை கொலனி தெரியும். பைலோரி ஒருமுறை இரட்டிப்பாகவே சில மணிநேரம் எடுக்கும். நான்கு மணிநேரம் என்று வைத்தாலும் அதே 20 இரட்டிப்புக்கு 80 மணிநேரம், மூன்று நாளுக்கு மேல். அதனால் 3 முதல் 7 நாள், சில வேளை 10 நாள்வரை காத்திருக்கிறோம்.

இந்தக் காத்திருப்பின் அருமை உலகுக்குத் தெரிந்தது ஒரு விடுமுறையால். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர், இரைப்பை இழையங்களில் வளைந்த பற்றீரியாக்கள் இருப்பதை 1979-இல் கவனித்தார். இளம் மருத்துவரான பரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மாதிரிகளைத் தட்டில் போட்டும் ஒன்றும் வளரவில்லை. இரண்டு நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் தட்டை எறிந்துவிடுவது அன்றைய வழக்கம். 1982 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு விடுமுறை வந்தது. தட்டுகள் எறியப்படாமல் ஐந்து நாள்வரை வளர்ப்புப் பெட்டிக்குள் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தபோது கொலனிகள் இருந்தன.

அதற்கு முன் எறியப்பட்ட தட்டுகளில் எத்தனையில் கிருமி உயிரோடு இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அமில இரைப்பையில் எதுவும் வாழாது, புண்ணுக்குக் காரணம் மனஅழுத்தமும் உணவும்தான் என்றே அப்போது பலரும் நம்பினார்கள். 1984-இல் மார்ஷல் தாமே வளர்த்த கிருமியைக் குடித்தார். சில நாளில் வாந்தியும் குமட்டலும் வந்தன. அவருடைய இரைப்பையில் அழற்சி இருந்தது, அங்கிருந்து அதே கிருமியை மீண்டும் வளர்த்தெடுத்தார்கள். 2005-இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சாடியைத் திறக்கும் காலை

ஐந்தாம் நாள் தட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்க்கும்போது சிவப்பின் மேல் விடிகாலைப் பனித்துளி படிந்ததுபோல, ஊசிமுனையளவு கண்ணாடிப் புள்ளிகள் மினுங்கும். பெரியதே ஒரு மில்லிமீற்றர்தான். அவசரப்படுகிற கண் இதைத் தவறவிட்டுவிடும்.

ஒரு புள்ளியைத் தொட்டு யூரியா கலந்த மஞ்சள் திரவத்தில் வைக்கிறேன். பல கிருமிகள் இதில் மாற்றம் காட்ட மணிக்கணக்கில் எடுக்கும், சில காட்டுவதே இல்லை. பைலோரி நிமிடக் கணக்கில் மஞ்சளைக் கடும் இளஞ்சிவப்பாக்கிவிடும். முன்பு சொன்ன அதே யூரியேசுக் குடை, அதே அமோனியா. இன்னொரு புள்ளியின் மேல் ஐதரசன் பரவொட்சைட்டுத் துளி விட்டால் நுரைக்கும். மூன்றாவதைச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வளைந்த, இளஞ்சிவப்பான சிறு கோல்கள், கடற்பறவையின் விரிந்த சிறகுகள்போல.

தட்டு பழசானால் இந்தக் கோல்கள் உருண்டு பந்துபோல ஆகிவிடும். அந்த நிலையில் புதிய தட்டில் போட்டாலும் அவை பெருகுவதில்லை.

அன்ரியின் அறிக்கைக்கு வருவோம்

வளர்ப்பில் பைலோரி வந்து, மேற்சொன்ன சோதனைகளிலும் உறுதியானால் அது இருக்கிறது; அதில் ஐயமில்லை. வராவிட்டால் அப்படித் திட்டமாகச் சொல்ல முடியாது. கிருமி உண்மையில் இல்லாமலும் இருக்கலாம், இத்தனை படிகளில் ஏதோ ஒன்றில் தொலைந்தும் இருக்கலாம். ஒமெப்பிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகள் கிருமியின் எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைத்து, கீழ்ப்பகுதியிலிருந்து மேற்பகுதிக்கு நகர்த்திவிடும். நுண்ணுயிர்க்கொல்லிகளும் அப்படியே அமுக்கிவைக்கும். அதனால்தான் பரிசோதனைக்கு முன் அமிலக் குறைப்பு மாத்திரையை 2 வாரமும் நுண்ணுயிர்க்கொல்லியை 4 வாரமும் நிறுத்தச் சொல்வது வழக்கம். மருத்துவரைக் கேட்காமல் யாரும் தாமாக நிறுத்த வேண்டாம். இரத்தம் கசியும் புண் உள்ளவருக்கு அது ஆபத்து.

கிருமி இருக்கிறதா என்று மட்டும் அறிய வளர்ப்பைவிட எளிய வழிகள் இருக்கின்றன. காபனில் அடையாளமிட்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, கிருமியின் யூரியேசு அதை உடைப்பதால் வெளிவரும் மூச்சில் அந்த அடையாளக் காபன் இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனை ஒன்று. மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடுவது இன்னொன்று. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியை இரத்தத்தில் பார்ப்பது மட்டும் குழப்பம் தரும். கிருமி அழிந்து மாதங்களோ ஆண்டுகளோ ஆன பிறகும் அது இரத்தத்தில் இருக்கும்.

அன்ரிக்கு மூச்சுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். போட்ட மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் திகதியோடு எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

அப்படியானால் வளர்ப்பது எதற்கு?

எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று நேரடியாகச் சோதித்துப் பார்க்க உயிருள்ள கிருமி கையில் வேண்டும். இந்தக் கிருமிக்கான சிகிச்சை, அமிலக் குறைப்பு மாத்திரையோடு இரண்டோ மூன்றோ நுண்ணுயிர்க்கொல்லிகள் சேர்ந்தது. பெரும்பாலும் 14 நாள். அதில் சேரும் கிளரித்திரோமைசின் பல நாடுகளில் பலனிழந்து வருகிறது. 2017-இல் உலக சுகாதார அமைப்பு, புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் கிளரித்திரோமைசினுக்கு அடங்காத பைலோரியையும் சேர்த்தது. சிகிச்சையில் சேரும் இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியான மெட்ரோனிடசோலும் இப்படிப் பலனிழந்து வருகிறது. வயிற்றோட்டத்துக்கும் பல்வலிக்கும் கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்தும் பழக்கம், இரைப்பையில் இருக்கும் பைலோரிக்கும் அந்த மருந்தைப் பழக்கிவிடுகிறது.

சோதிக்கும் முறை எளிமையானது. கிருமியைத் தட்டு முழுவதும் பூசி, மருந்து தோய்ந்த ஒரு மெல்லிய பட்டியை மேலே வைக்கிறோம். பட்டியின் ஒரு முனையில் மருந்து அதிகம், மறுமுனையை நோக்கிப் படிப்படியாகக் குறையும். மீண்டும் சாடி, மீண்டும் மூன்று நாள். மருந்து வேலை செய்த இடத்தில் கிருமி வளராமல், பட்டியைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு வெற்றிடம் தெரியும். அந்த வெற்றிடம் பட்டியைத் தொடும் இடத்திலுள்ள எண்தான் கிருமியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு. வெற்றிடமே இல்லாவிட்டால் அந்த மருந்தை நோயாளிக்குக் கொடுத்துப் பயனில்லை.

ஒரே ஆளின் இரைப்பையில் மருந்துக்கு அடங்கும் கிருமியும் அடங்காத கிருமியும் கலந்திருப்பதுண்டு. அதனால் ஒரு கொலனியை மட்டும் எடுத்துச் சோதிக்காமல் பல கொலனிகளைச் சேர்த்து எடுக்கிறோம். மிச்சத்தைக் கிளிசரின் கலந்த திரவத்தில் சிறு குழாய்களில் இட்டு −80 பாகையில் உறையவைத்து விடுவோம். ஒரு சிகிச்சை தோற்று நோயாளி திரும்பி வந்தால், பழைய கிருமிக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க அந்தக் குழாயைத்தான் முதலில் வெளியே எடுப்போம்.